காலம் தெரியாத கசடும் வரலாறுதான்



சில ஆண்டுகளுக்கு முன், கெடா மாநிலத்தில் நான் பணிபுரிந்த ஒரு தமிழ்ப்பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பழைய செய்தித்தாளில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தான். "டீச்சர், இது இரும்பா, கல்லா?" என்று கேட்டான். கையில் வாங்கிப் பார்த்தேன். கறுப்பு நிறம். உள்ளங்கை அளவு. ஆனால் அந்த அளவுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகக் கனம். ஒரு பக்கம் வெல்லப்பாகு வழிந்து உறைந்தது போல மடிப்பு மடிப்பாக இருந்தது. மறுபக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். தாத்தா வீட்டுக்குப் பின்னால் செம்பனைக்கு வாய்க்கால் வெட்டியபோது மண்ணோடு வந்ததாம்.

எனக்கு அன்றைக்கு நேரம் இல்லை. பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம். "ஏதோ தார்க்கட்டி மாதிரி இருக்கு, போட்டுட்டுக் கையைக் கழுவிட்டு உட்காரு" என்றேன். கட்டி குப்பைத்தொட்டிக்குப் போனது.

வெகுநாள் கழித்து, சுங்கை பத்து அகழாய்வில் கிடைத்த இரும்புக் கசடுகளின் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்குத் 'திக்' என்றது. அதே மடிப்பு, அதே ஓட்டைகள். அதற்குள் அந்தப் பையன் இடைநிலைப் பள்ளிக்குப் போய், குடும்பமும் வேறு ஊருக்கு மாறிவிட்டது. தாத்தா வீடு எந்தக் கம்பத்தில் என்று நான் கேட்கவே இல்லை. அது பழைய இரும்புக் கசடா, வெறும் தார்க்கட்டியா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அந்தப் பையனிடம் "எங்கே கிடைத்தது?" என்ற ஒரே கேள்வியை ஒழுங்காகக் கேட்டு எழுதி வைத்திருந்தால் போதும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

குப்பைக்கும் ஓர் அலுவலகம்

நான் தவறவிட்ட கேள்வியை அன்றாட வேலையாகவே கேட்கிறவர்கள் இங்கிலாந்திலும் வேல்சிலும் இருக்கிறார்கள். அங்கே நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரோடு உழுத வயல்களில் நடப்பது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. 1970களில் இந்தக் கருவி பரவலானபோது, தொல்லியலாளர்களுக்கும் டிடெக்டர்காரர்களுக்கும் ஒத்துப்போகவே இல்லை. "மண்ணைக் கிளறி வரலாற்றைக் கெடுக்கிறார்கள்" என்றார்கள் இவர்கள். "ஏர் முனையில் நொறுங்கப்போவதை நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்றார்கள் அவர்கள்.

1996இல் புதையல் சட்டம் நிறைவேறியது. 1997இல் நடைமுறைக்கு வந்தது. அதே 1997இல், புதையல் என்ற சட்ட வரையறைக்குள் வராத பொருள்களையும் தாமாக முன்வந்து பதிவு செய்ய 'போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்' என்ற பதிவுத் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. 2003இல் அது இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரிந்தது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இதை நடத்துகிறது. வட்டாரந்தோறும் ஒரு தொடர்பு அதிகாரி இருக்கிறார். கண்டெடுத்தவர் பொருளை அவரிடம் காட்டலாம். அவர் அதை அடையாளம் கண்டு, அளந்து, படம் எடுத்து, கிடைத்த இடத்தோடு பதிந்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படி இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன.

நாணயம், சட்டை ஊசி, மோதிரம் என்றால் அதிகாரிக்கு வேலை சுலபம். அரசன் முகம் இருக்கும், அலங்காரம் இருக்கும். ஒப்பிட்டுக் காலம் சொல்லிவிடலாம். ஆனால் டிடெக்டர்காரரின் பையைக் கவிழ்த்தால் அடியில் கிடப்பது பெரும்பாலும் வேறு: உருகி உறைந்த ஈயத் துளி, பச்சை பூத்த செம்புக் கட்டி, ஒழுங்கில்லாத உலோகத் துண்டு. எழுத்து இல்லை, உருவம் இல்லை, அலங்காரம் இல்லை. உலோக வேலை நடந்த இடத்தில் மிஞ்சிய கழிவு அது. இதைத்தான் பலர் வேலியோரம் வீசிவிட்டுப் போகிறார்கள்.

கழிவு எப்படிப் பிறக்கிறது?

மாணவர்களுக்கு விளக்க வேண்டுமென்றால் முதலில் வேலையைச் சொல்லுங்கள்; கழிவு தானாகப் புரியும்.

ஒரு கொல்லர் வெண்கலத்தில் கோடரி வார்க்கிறார். மூசையில் உலோகத்தை உருக்குகிறார். இரண்டு பாதியாகச் செய்த அச்சைச் சேர்த்துக் கட்டி, மேலே உள்ள ஊற்றுவாய் வழியாக உருகிய உலோகத்தை ஊற்றுகிறார். அச்சு நிரம்பியதும் ஊற்றுவாயிலும் உலோகம் நின்று உறைகிறது. கோடரியை எடுத்த பிறகு, புனல் வடிவில் இருக்கும் அந்தக் கட்டியை உடைத்து ஒதுக்குகிறார். அதை இங்கே 'ஊற்றுவாய்க் கட்டி' என்று வைத்துக்கொள்வோம். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில் மெல்லிய தகடாக உலோகம் பிதுங்கும், அது பிசிறு. ஊற்றும்போது தரையில் சிந்துவது துளி. வேலை முடிந்து மீந்த உலோகம் குழியில் ஊற்றப்பட்டுப் பாளமாகும்.

இரும்பின் கதை வேறு. அந்தக் காலத்துச் சிறு உலைகளில் இரும்பு நீராக உருகாது. தாதுவையும் கரியையும் போட்டுத் துருத்தியால் ஊதினால், தாதுவில் உள்ள வேண்டாத மண்ணும் கல்லும் உருகிக் கசடாக வழியும். இரும்பு பஞ்சு போன்ற கட்டியாக உள்ளே தங்கும். நம் ஊர்களில் இந்தக் கசட்டைக் கிட்டம், சிட்டம் என்றும் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் வரும் மண்டூரம் பழைய இரும்புக் கிட்டம்தான். கசடு என்றால் குற்றம், அழுக்கு என்றே நாம் வகுப்பில் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். உலைக்களத்தில் அது ஒரு தடயம்.

கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும்?

ஆய்வுக்கூடம் வேண்டாம். கண், கை, காந்தம், தராசு, அளவுகோல் போதும்.

நிறத்தைப் பாருங்கள். மேலே பச்சை பூத்திருந்தால் செம்பு அல்லது செம்புக் கலவை. வெளிறிய சாம்பல் நிறம், அளவுக்கு மீறிய கனம், மென்மை என்றால் ஈயம். செம்பழுப்புத் துரு என்றால் இரும்பு. கறுப்பாகக் கண்ணாடி போல மினுங்கி, வழிந்த மடிப்புகளும் காற்றுக் குமிழ் ஓட்டைகளும் இருந்தால் இரும்புக் கசடாக இருக்கலாம். ஈயமாக இருக்கலாம் என்று தோன்றினால் கையைக் கழுவச் சொல்லுங்கள், அது நச்சு.

காந்தத்தை வையுங்கள். இரும்பு 'டக்' என்று ஒட்டும். கசடு சில இடத்தில் லேசாக இழுக்கும், சில இடத்தில் இழுக்காது. செம்பும் ஈயமும் அசையாது.

வடிவத்தைப் பாருங்கள். புனல் போலக் கட்டி, அதன் அடியில் உடைந்த கால்கள் இருந்தால் அது ஊற்றுவாய்க் கட்டி. அந்தக் கால்கள் உலோகம் அச்சுக்குள் இறங்கிய வழிகள். மேலே தட்டையாகவும் அடியில் குழிப்பணியாரம் போலப் புடைத்தும் இருந்தால் இரண்டு சாத்தியங்கள்: பச்சை நிறமானால் செம்புப் பாளம், துருப்பிடித்த கறுப்பானால் கொல்லர் உலையின் அடியில் தேங்கிய இரும்புக் கசடு. வடிவம் ஒன்று, பொருள் வேறு. அதனால்தான் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

ஏமாற்றுகிறவையும் உண்டு. ரயில் பாதை ஓரங்களிலும் பழைய தொழிற்சாலை இடங்களிலும் கிடக்கும் நிலக்கரிச் சாம்பல் கட்டி கசடு போலவே இருக்கும். ஆனால் தூக்கினால் லேசாக இருக்கும். போன மாதம் குப்பை எரித்த இடத்தில் உருகிய அலுமினியமும் பழைய வார்ப்புக் கழிவு போலத் தோன்றும். அதுவும் இறகு மாதிரி லேசு. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்: அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, வயலில் கிடக்கும் அலுமினியத் துளி, "நான் பழையவன் இல்லை" என்று தானே சொல்லிவிடுகிறது.

ஏன் காலம் சொல்ல முடிவதில்லை?

எல்லாக் கழிவும் அலுமினியம் போல வாய் திறப்பதில்லை. ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த சூட்டில் உருகும். அடுப்பு நெருப்பே போதும். ரோமர் காலத்தில் ஒருவர் சிந்திய ஈயத் துளியும், இடைக்காலத்தில் தேவாலயக் கூரை வேய்ந்தவர் சிந்திய துளியும், நூறு ஆண்டுகளுக்கு முன் குழாய் பழுதுபார்த்தவர் சிந்திய துளியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

உலோகத்தைச் சோதனை செய்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அறியலாம். ஆனால் பழைய உலோகத்தை மறுபடி மறுபடி உருக்கி வார்ப்பது எல்லாக் காலத்திலும் நடந்தது. ஆயிரம் ஆண்டுப் பழைய வெண்கலம் இன்னொரு காலத்து மூசைக்குள் போயிருக்கலாம். அதனால் கலவை விவரம் ஒரு குறிப்பைத் தருமே தவிர, தேதியைத் தராது.

மூன்றாவது காரணம் இடம். அகழாய்வுக் குழியில் மண் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு கசட்டோடு அதே அடுக்கில் பானையோடும் கரியும் கிடைத்தால், அவற்றின் காலத்தை வைத்துக் கசட்டின் காலத்தைச் சொல்லலாம். உழுத வயலின் மேல்மண்ணில் அடுக்கே இல்லை. ஏர் பல நூற்றாண்டுகளைக் கலக்கிவிட்டது.

விதிவிலக்குகள் உண்டு. பல கால்கள் உள்ள சில ஊற்றுவாய்க் கட்டிகளும், பணியார வடிவச் செம்புப் பாளங்களும் பிரிட்டனில் பின் வெண்கலக் காலத்தோடு, அதாவது ஏறத்தாழ கி.மு. 1000 முதல் 800 வரையிலான காலத்தோடு, பொருந்துவதாக அறியப்பட்டவை. உடைந்த கோடரிகளோடு ஒரே குழியில் கிடைத்த எடுத்துக்காட்டுகள் அதற்குச் சான்று. அங்கே சட்டமும் கழிவை மதிக்கிறது. 2003 முதல், வரலாற்றுக்கு முந்திய காலச் சாதாரண உலோகப் பொருள்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் அவை புதையலாகக் கருதப்படும். 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தங்கம் இல்லை, வெள்ளி இல்லை, செம்புக் கழிவுதான், ஆனாலும் புதையல்.

மற்றவற்றுக்கு? பதிவுத் திட்டம் பொதுவாக 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களைத்தான் பதிகிறது. காலமே தெரியாத கட்டி 300 ஆண்டைத் தாண்டியதா என்று யார் சொல்வது? இங்கேதான் அதிகாரி மனச்சாட்சியோடு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வயலில் வேறு என்ன கிடைத்திருக்கிறது, இதே மாதிரிக் கழிவு அருகே குவிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும்.

பதிவு அட்டையில் ஒரு மொழிப்பாடம்

நல்ல பதிவில் என்ன இருக்கும்? பொருளின் பெயர், எதனால் ஆனது, எத்தனை துண்டு, நீளம், அகலம், தடிப்பு, எடை, நிறம், மேற்பரப்பு, உடைப்பு, படம். படத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். கிடைத்த நாள், கிடைத்த விதம். எல்லாவற்றுக்கும் மேலாக இடம். பிரிட்டனில் தேசிய வரைபடக் கட்ட எண் முறை உண்டு. ஆறு இலக்கம் என்றால் 100 மீட்டர் சதுரம், எட்டு இலக்கம் என்றால் 10 மீட்டர், பத்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர். "ஊருக்கு வடக்கே ஒரு வயல்" என்பதற்கும் "இந்த ஒரு மீட்டர்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். அதே சமயம், திருடர்கள் வரக்கூடாது என்பதால் துல்லியமான இடம் பொதுமக்கள் பார்வைக்குக் காட்டப்படுவதில்லை.

காலம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதவும் அங்கே இடம் உண்டு. பொருள் இன்னது என்பதற்கும் 'உறுதி', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். நாம் இலக்கணத்தில் சொல்லித் தரும் ஐயமும் தெளிவும் இங்கே வேலைக்கு வருகின்றன. "இது வெண்கலக் காலக் கழிவு" என்று ஒருவர் சும்மா ஊகித்து எழுதிவிட்டால், பத்து ஆண்டு கழித்து வேறொருவர் வரைபடத்தில் அந்த ஊரை வெண்கலக் காலத் தொழிற்கூடமாகக் குறித்துவிடுவார். பொய் அப்படியே வேரூன்றும். "தெரியவில்லை" என்று எழுதியதைப் பின்னால் வருகிறவர் நிரப்பலாம். தப்பாக நிரப்பியதை யார் வந்து அழிப்பது?

டோர்க்சி வயல் பேசிய விதம்

"தெரியவில்லை என்றே எழுதிக் குவித்து என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ட்ரென்ட் ஆற்றங்கரையில் உள்ள டோர்க்சி என்ற ஊரில் இருக்கிறது.

வைக்கிங்குகளின் பெரும்படை 872-873 குளிர்காலத்தை டோர்க்சியில் கழித்தது என்று ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் சொல்கிறது. ஒரு வரிதான். எந்த இடத்தில், எத்தனை பேர், என்ன செய்தார்கள் என்பது அதில் இல்லை. ஊருக்கு வடக்கே உள்ள வயல்களில் டிடெக்டர்காரர்கள் பல ஆண்டுகள் நடந்து எடுத்தவற்றைப் பதிவு செய்தார்கள். பிறகு ஷெஃபீல்டு, யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டான் ஹேட்லியும் ஜூலியன் ரிச்சர்ட்ஸும் அந்தப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள்.

நூற்றுக்கு மேற்பட்ட அரபு வெள்ளி நாணயங்கள், பெரும்பாலும் வெட்டிய துண்டுகளாக, அங்கே கிடைத்திருந்தன. வெட்டிய வெள்ளி, வெட்டிய தங்கம், எடைக்கற்கள், உலோகப் பாளங்கள், வார்ப்புக் கழிவுகள். கூடவே 300க்கும் மேற்பட்ட சிறு ஈயக் குமிழ்கள். அவை பலகை விளையாட்டுக் காய்கள். இவற்றில் ஓர் ஈயக் காயைத் தனியாக எடுத்து மேசையில் வைத்தால் அதற்குக் காலமே கிடையாது. எடைக்கல் என்றோ வெறும் ஈயக்கட்டி என்றோ ஒதுக்கியிருப்போம். வார்ப்புக் கழிவும் அப்படியே. ஆனால் காலம் தெரிந்த நாணயங்கள் விழுந்த அதே நிலத்தில் இவையும் சிதறிக் கிடக்கின்றன என்று இடப்பதிவு காட்டியதும் கதை மாறியது. ஏறத்தாழ 55 ஹெக்டர் பரப்பில் ஒரு முகாம். படைவீரர்கள் கொள்ளையடித்த உலோகத்தை வெட்டினார்கள், எடைபோட்டார்கள், உருக்கினார்கள், வாணிகம் செய்தார்கள், பொழுது போகாதபோது காய் உருட்டினார்கள். நாளாகமத்தின் ஒரு வரி, ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஒரு குளிர்காலமாக விரிந்தது.

சஃபோக் மாவட்டத்து ரெண்டல்ஷம் இன்னொரு பாடம். 731இல் முடிக்கப்பட்ட தம் வரலாற்று நூலில் பீட் என்ற துறவி இதை அரச ஊராகக் குறிப்பிடுகிறார். 1939இல் கப்பல் புதையல் கிடைத்த சட்டன் ஹூ இங்கிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். இருட்டில் வந்து திருட்டுத்தனமாகத் தோண்டுகிறார்கள் என்று நில உரிமையாளர் புகார் செய்ததால், 2008இல் முறையான டிடெக்டர் ஆய்வு தொடங்கியது. தேர்ந்த சில டிடெக்டர்காரர்கள், தொல்லியலாளரோடு சேர்ந்து, ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்தார்கள். நாணயங்கள், நகைத்துண்டுகளோடு, முடிக்காமல் விட்ட பொருள்களும் உலோக வேலைக் கழிவுகளும் கிடைத்தன. அரசருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் பொருள் செய்து கொடுத்த கைவினைஞர்கள் அங்கேயே வேலை செய்தார்கள் என்பதற்குக் கழிவே சாட்சி. நகை ஊர் ஊராகப் பயணம் போகும். பரிசாகப் போகும், கொள்ளையில் போகும். சிந்திய துளியை யாரும் வேறு ஊருக்குத் தூக்கிப் போவதில்லை. வேலை நடந்த இடத்தைக் காட்டுவதில் நகையைவிடக் கழிவு நம்பகமானது.

ரெண்டல்ஷத்துக்கு இருட்டில் வந்த திருடர்கள் எடுத்துப் போனது எதுவாக இருந்தாலும், அது வரலாற்றுக்குத் திரும்பாது. இடம் போனால் எல்லாம் போயிற்று.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். டிடெக்டர்காரர்கள் பலர் ஆணிகளால் தொல்லை என்று, இரும்பு பட்டால் ஒலிக்காதபடி கருவியை அமைத்துக்கொள்வார்கள். அதனால் செம்பும் ஈயமும் வெள்ளியும் பதிவில் நிறைய, இரும்பு குறைவு. வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடத்தில் கொல்லர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. யாரும் தேடவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

நம் மண்ணில்

இனி நம் ஊருக்கு வருவோம். கடாரம் என்றதும் சோழர் படையெடுப்பைச் சொல்கிறோம்; பூஜாங் பள்ளத்தாக்கு என்றதும் சண்டிகளைக் காட்டுகிறோம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், கசடும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் குழாய்களும் பெருந்தொகையாக வெளிவந்தன. அரசரும் வணிகரும் மட்டும் அல்ல, உலை முன் நின்று வியர்வை சிந்தியவர்களும் அந்த வரலாற்றில் உண்டு. அவர்கள் கல்வெட்டு எழுதவில்லை. விட்டுச் சென்றது கசட்டைத்தான்.

அங்கே காலம் எப்படிச் சொல்கிறார்கள்? உலை இருந்த அடுக்குகளில் கிடைத்த கரி போன்றவற்றைச் சோதித்து. எவ்வளவு பழமை என்பதில் ஆய்வாளரிடையே விவாதம் இன்னும் இருக்கிறது. விவாதம் நடப்பதற்கே காரணம், அடுக்கும் இடமும் பதிவாகியிருப்பதுதான். நான் குப்பைத்தொட்டியில் போட்ட கட்டியைப் பற்றி விவாதிக்கக்கூட வழியில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு மாணவர்களைக் கருவியோடு தோட்டத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஏற்பாடு அவர்கள் சட்டத்துக்கு உட்பட்டது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. பண்பாட்டு மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருளைக் கண்டெடுத்தவர் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். தோண்டாதே, கழுவாதே, விற்காதே. படம் எடு, இடத்தைக் குறி, பெரியவரிடம் சொல். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்.

வகுப்பறை நடவடிக்கை: அகார்-அகார் வார்ப்பு

உலை வேண்டாம், அகார்-அகார் போதும். பிளாஸ்டிசின் களிமண்ணில் இரண்டு பாதியாக ஒரு சாவி அச்சு செய்து, மேலே ஊற்றுவாய் வைத்துச் சேருங்கள். சற்று ஆறிய, ஆனால் இன்னும் ஓடும் நிலையில் உள்ள அகார்-அகாரை ஆசிரியரே ஊற்றட்டும். இறுகியதும் பிரித்தால் சாவியோடு ஊற்றுவாய்க் கட்டி, விளிம்பில் பிசிறு, மேசையில் துளிகள் எல்லாம் கிடைக்கும்.

முதல் சுற்று: ஒரு குழு செய்த சாவியை ஒளித்துவிட்டு, கழிவை மட்டும் அடுத்த குழுவிடம் கொடுங்கள். என்ன பொருள், அச்சு ஒன்றா இரண்டா, ஊற்றிய வழி எது என்று அட்டையில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'உறுதியாக', 'அநேகமாக', 'இருக்கலாம்' ஆகிய மூன்றில் ஒன்று வர வேண்டும். "எப்போது செய்தது?" என்று கேளுங்கள். பதில் வராது. வரக்கூடாது.

இரண்டாம் சுற்று: கழிவு சிந்திக் கிடந்த மேசையை அப்படியே காட்டுங்கள். பக்கத்தில் ஆண்டு அச்சிட்ட பத்து சென் நாணயம் ஒன்றைப் போட்டு வையுங்கள். இப்போது என்ன சொல்ல முடிகிறது? நாணயத்தின் ஆண்டும் கழிவின் ஆண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? பழைய காசு இன்றைக்கும் சட்டைப்பையில் இருக்குமே என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்தப் பிள்ளைக்குக் கை தட்டுங்கள்.

மூன்றாம் சுற்று: எல்லாக் குழுக்களின் கழிவையும் பெயர் ஒட்டாமல் ஒரே தட்டில் கொட்டிக் கலக்குங்கள். "இப்போது எந்தக் குழுவின் வேலை எது, எந்த மேசையில் நடந்தது?" என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். இடம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை அதற்குமேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

என் வகுப்பில் இதைச் செய்து முடித்த நாளில், மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்தேன். உள்ளே வெற்று அட்டைகள், ஓர் அளவுகோல், ஒரு காந்தம். பிள்ளைகள் எதைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி "இது என்ன?" இல்லை, "இது எங்கே கிடைத்தது?" என்பதுதான். டின்னில் இப்போது பதினோரு அட்டைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் காலம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதியிருக்கிறது. கிடைத்த இடம் என்ற வரி மட்டும் ஒன்றில்கூட வெறுமையாக இல்லை.